டிராக்டரின் தொட்டியில் சிவப்பு எண்ணெய்

அமெரிக்காவின் அயோவா, நெப்ராஸ்கா போன்ற வேளாண் மாநிலங்களில், நாட்டுப்புறச் சாலையோரத்து எரிபொருள் நிலையங்கள் சிலவற்றில் டீசலுக்கென்றே இரு வேறு குழாய்கள் இருக்கும். ஒன்றில் வருவது நாம் நன்கறிந்த வெளிர்மஞ்சள் டீசல். மற்றொன்றில் வருவது ரோஜாப்பூச் சர்பத்தைப் போன்ற சிவப்பு டீசல். விலையில் சிவப்பு குறைவு. ஆனால் அந்தக் குழாயின்மேல் ஓர் அறிவிப்பும் ஒட்டியிருக்கும்: இது சாயமிட்ட டீசல், வரியில்லாப் பயன்பாட்டுக்கு மட்டுமே உரியது, மீறினால் தண்டம்.

என் பழைய மாணவர் ஒருவர் அப்பகுதியில் ஆராய்ச்சிப் படிப்புக்காகத் தங்கியிருக்கிறார். ஓய்வு நாட்களில் பக்கத்துப் பண்ணைக்குச் சென்று டிராக்டர் ஓட்டவும் கற்றுக்கொண்டுவிட்டார். அவர் அண்மையில் எழுதிய மடலில் ஒரு கேள்வி இருந்தது. "ஐயா, இங்கே பண்ணைக்காரர்கள் இரண்டு கட்சியாக இருக்கிறார்கள். சிவப்பு டீசல் மட்டமான சரக்கு, நல்ல இயந்திரத்தில் ஊற்றக்கூடாது என்கிறார்கள் வயதானவர்கள். இரண்டும் ஒன்றே, நிறம்தான் வேறு என்கிறார்கள் இளைஞர்கள். யார் சொல்வது சரி?"

இரு கட்சியாருமே சரியாகத்தான் சொல்கிறார்கள்; ஆனால் வேறு வேறு ஆண்டுகளைப் பற்றிச் சொல்கிறார்கள். இது எப்படி என்பதைக் காண, டிராக்டர் பிறந்த காலத்திற்கே நாம் போக வேண்டும். அப்போது டிராக்டரில் டீசலே கிடையாது.

மண்ணெண்ணெய் மலிவாயிருந்த காலம்

1892ஆம் ஆண்டு, அயோவா மாநிலத்தில் ஜான் ஃபிரோலிக் என்பவர் பெட்ரோலில் ஓடும் ஒற்றை உருளை இயந்திரம் ஒன்றைச் சக்கரங்களின்மேல் ஏற்றி, முன்னும் பின்னும் செல்லக்கூடிய இழுவை வண்டியாக ஆக்கினார். பெட்ரோலில் ஓடிய முதல் வெற்றிகரமான டிராக்டர் என்று அதனைக் குறிப்பிடுவது வழக்கம். அக்காலத்தில் பெட்ரோல் ஒரு பெரிய பொருளே அன்று. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் விளக்கெரிக்கும் மண்ணெண்ணெய்க்காகவே இயங்கின. பெட்ரோல் அங்கே எளிதில் தீப்பற்றும் தொல்லை பிடித்த மிச்சப் பொருள்.

அடுத்த இருபது ஆண்டுகளில் நிலைமை தலைகீழாயிற்று. ஒருபுறம் மின்விளக்கு பரவி மண்ணெண்ணெய் விளக்குக்குத் தேவை குறைந்தது. மறுபுறம் 1908இல் ஃபோர்டு நிறுவனத்தின் மாடல் டி கார் வெளிவந்து, நாடெங்கும் பெட்ரோலுக்குப் பசி எடுத்தது. பெட்ரோல் விலை ஏறிற்று, மண்ணெண்ணெய் மலிந்தது. நாள் முழுதும் பெரும் சுமையை இழுத்து எரிபொருளைக் குடிக்கும் டிராக்டருக்கு எது ஏற்றது என்று உழவர்களைக் கேட்கவே வேண்டியதில்லை. டிராக்டர் செய்வோர் மண்ணெண்ணெயின் பக்கம் திரும்பினர். இயந்திரத்திற்கு உகந்தது என்பதற்காக அன்று, விலை குறைவு என்பதற்காகத்தான். இந்த ஒரு செய்தியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். டிராக்டர் எரிபொருளின் கதை நெடுகிலும் இதுதான் திரும்பத் திரும்ப வருகிறது.

மண்ணெண்ணெயில் என்ன சிக்கல்? இரண்டு உண்டு. முதலாவது, அது எளிதில் ஆவியாவதில்லை. பெட்ரோல் குளிர்ந்த காற்றிலேயே ஆவியாகிக் கலந்துவிடும். மண்ணெண்ணெயின் பெரும்பகுதி கொதிப்பதோ 150 முதல் 275 பாகை செல்சியஸ் வரையில். குளிர்ந்த இயந்திரத்தில் அது துளித்துளியாகவே உருளைக்குள் செல்லும், எரியாது. எனவே அக்கால டிராக்டர்களில் இரண்டு எரிபொருள் தொட்டிகள் இருந்தன. சிறிய தொட்டியிலுள்ள பெட்ரோலில் இயந்திரத்தைக் கிளப்பி, நன்றாகச் சூடேறிய பிறகு பெரிய தொட்டிக்கு மாற்ற வேண்டும். நம் ஊர்த் தோட்டங்களில் பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டும் சிறு பம்புசெட்டுகளை நீங்கள் பார்த்திருக்கலாம். அதே முறைதான். வேலை முடியும்போது மறுபடியும் சிறிது நேரம் பெட்ரோலில் ஓட்டி நிறுத்த வேண்டும். மறந்தால் மறுநாள் காலை இயந்திரம் கிளம்ப மறுக்கும்.

இரண்டாவது சிக்கல், மெக்கானிக்குகள் 'நாக்கிங்' என்று சொல்லும் தட்டல். உருளைக்குள் அமுக்கப்படும் கலவை, தீப்பொறி தொடங்கிவைத்த சுடர் வந்து சேருமுன் தானாகவே வெடித்துவிடுவதுதான் தட்டல். மண்ணெண்ணெய் இதற்கு மிக எளிதில் ஆளாகும். ஆகையால் கலவையை அதிகமாக அமுக்க இயலாது. அமுக்க விகிதத்தை ஏறக்குறைய நான்கிலேயே நிறுத்த வேண்டியிருந்தது. கல்லூரி முதலாண்டில் ஆட்டோ சுற்றின் பயனுறுதிறனை நீங்கள் கணக்கிட்டிருப்பீர்கள். அமுக்க விகிதம் 4 என்றால் கருத்தியல் அளவில் கிடைக்கக்கூடிய உச்சப் பயனுறுதிறன் சுமார் 43 விழுக்காடு. விகிதம் 8 என்றால் 56 விழுக்காடு. நடைமுறையில் கிடைப்பது இவற்றில் பாதியளவே என்றாலும் இரண்டுக்குமுள்ள ஒப்பளவு ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். மலிவான எண்ணெயை வாங்கிய உழவர், அதே எண்ணெயின் காரணமாக, அதில் கூடுதல் பகுதியைப் புகைபோக்கி வழியே வெப்பமாக அனுப்பிக்கொண்டிருந்தார்.

இந்தத் தடைகளை வெல்ல அன்றைய பொறியாளர்கள் கையாண்ட வழிகள் இயற்பியல் ஆசிரியனுக்குத் தித்திப்பானவை. இந்தியானா மாநிலத்தின் ரூம்லி நிறுவனம் 1910இல் 'ஆயில்புல்' என்னும் டிராக்டரை வெளியிட்டது. அதன் இயந்திரத்தைக் குளிர்விக்க நீருக்குப் பதில் எண்ணெயை ஓட்டினார்கள். நீர் 100 பாகையில் கொதித்துவிடும். எண்ணெயோ அதற்கும் மேலே போகும். ஆகவே உருளையின் சுவர் எப்போதும் கொதிநீரைவிடச் சூடாக இருந்தது. மண்ணெண்ணெய் நன்றாக ஆவியாயிற்று. சுமை கூடித் தட்டல் தோன்றும்போது காற்றோடு கொஞ்சம் நீரையும் உள்ளே விட்டார்கள். ஒரு கிராம் நீர் ஆவியாவதற்கு 2,260 ஜூல் வெப்பத்தை விழுங்கும் அல்லவா? அந்த அளவு உருளைக்குள் வெப்பநிலை தணிந்து தட்டல் நின்றது. டிராக்டரின் முன்புறம் சதுரக் கோபுரம்போல நிமிர்ந்து நின்ற எண்ணெய்க் குளிர்விப்பானை அக்காலப் படங்களில் இன்றும் காணலாம்.

எல்லா உழவர்களாலும் ஆயில்புல் வாங்க முடியவில்லை. 1917 அக்டோபரில் ஃபோர்டின் 'ஃபோர்ட்சன்' வந்தது. சிறியது, மலிவானது, மண்ணெண்ணெயில் ஓடியது. 1928இல் அமெரிக்காவில் அதன் உற்பத்தி நின்றபோது ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் வெளிவந்திருந்தன. ஆவியாகாத மண்ணெண்ணெய் பிஸ்டனின் ஓரமாக வழிந்து மசகெண்ணெயில் கலப்பது இத்தகைய டிராக்டர்களின் தீராத நோய். நீர்த்துப்போன மசகெண்ணெயால் தாங்கிகள் தேய்ந்தன. எரிபொருளில் மிச்சப்படுத்திய காசில் ஒரு பகுதி பட்டறைக்குப் போயிற்று.

ஒரு சட்டம் அளவுகோல் ஆனது

எந்த டிராக்டர் எவ்வளவு எரிபொருளுக்கு எவ்வளவு வேலை செய்யும் என்று உழவருக்குச் சொல்ல அப்போது யாருமில்லை. விளம்பரத்தில் எழுதியதுதான் கணக்கு. நெப்ராஸ்காவில் வில்மட் குரோசியர் என்ற உழவர், வாங்கிய டிராக்டர் சொன்னபடி உழைக்காமல் நொந்துபோனவர். சட்டமன்ற உறுப்பினராகவும் இருந்தார். அவருடைய முயற்சியால் 1919இல் அம்மாநிலத்தில் ஒரு சட்டம் வந்தது. அங்கு விற்கப்படும் ஒவ்வொரு டிராக்டர் வகையிலும் ஒன்றை மாநிலப் பல்கலைக்கழகம் சோதித்தாக வேண்டும். முடிவுகளை வெளியிடவும் வேண்டும். 1920இல் நடந்த முதல் சோதனையில் மண்ணெண்ணெயில் ஓடும் 'வாட்டர்லூ பாய்' டிராக்டர் நிறுத்தப்பட்டது.

அந்தச் சோதனை அட்டவணையில் ஒரு பத்தி இருந்தது: ஒரு கேலன் எரிபொருளுக்கு எத்தனை குதிரைத்திறன்–மணி. அமெரிக்க கேலன் ஏறத்தாழ 3.8 லிட்டர். எண்ணெயின் விலையை மட்டும் பார்த்துவந்த உழவர், இனி அந்த எண்ணெய் செய்யும் வேலையின் விலையைப் பார்க்க முடிந்தது. டீசலின் வருகைக்கு வழி செய்தவற்றுள் இந்தப் பத்தியும் ஒன்று என்பது என் கருத்து.

டீசல் ஏன் தாமதித்தது?

ருடால்ஃப் டீசல் தம் இயந்திரத்துக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தது, ஃபிரோலிக் டிராக்டர் செய்த அதே 1892ஆம் ஆண்டில்தான். 1897 பிப்ரவரியில் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் பேராசிரியர் ஷ்ரோட்டர் அதனைச் சோதித்து 26.2 விழுக்காடு பயனுறுதிறன் கண்டார். அந்நாளைய நீராவி இயந்திரங்கள் கனவிலும் காணாத அளவு அது.

டீசலின் கருத்து எளியது. காற்றை மட்டும் உள்ளே இழுத்து, வெப்பமாற்றீடற்ற முறையில், பதினாறில் ஒரு பங்காக அமுக்குங்கள். 27 பாகையில் இருந்த காற்றின் வெப்பநிலை கணக்குப்படி 600 பாகைக்கும் மேலே போகிறது. வெப்ப இழப்புகளைக் கழித்தாலும் 500 பாகை நிற்கும். எண்ணெய் தானே தீப்பற்ற 250 பாகையே போதும். அந்தச் சூட்டில் எண்ணெயைப் பீச்சினால் எரிந்துதான் ஆக வேண்டும். தீப்பொறியும் வேண்டாம், ஆவியாக்கியும் வேண்டாம். எரிபொருளே முன்னதாக உள்ளே இல்லாததால் தட்டலுக்குப் பயந்து அமுக்கத்தைக் குறைக்கவும் வேண்டாம். மண்ணெண்ணெய் டிராக்டரை வாட்டிய இரண்டு நோய்களுக்கும் ஒரே மருந்து!

அப்படியிருந்தும் டீசல் டிராக்டர் உழவரிடம் வந்து சேர முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. தொடக்கத்தில் எண்ணெயை உள்ளே தள்ளத் தனியாக ஒரு காற்றமுக்கி தேவைப்பட்டது. அது கப்பலுக்குச் சரி, வயலுக்கு ஆகாது. 1927இல் ராபர்ட் பாஷ் நிறுவனம் பீச்சுப் பம்பைப் பெருமளவில் உற்பத்தி செய்யத் தொடங்கியபோதுதான் அந்தச் சுமை இறங்கியது. 1931இல் கேட்டர்பில்லர் நிறுவனம் டீசல் டிராக்டரைக் கொண்டுவந்தது. அந்தக் கனத்த இயந்திரத்தைக் கையால் சுற்றிக் கிளப்ப முடியுமா? அதற்கென்று பக்கத்தில் இரண்டு உருளைகள் கொண்ட ஒரு குட்டிப் பெட்ரோல் இயந்திரத்தைப் பொருத்தினார்கள். முதலில் குட்டியைக் கிளப்ப வேண்டும். குட்டி தாயைக் கிளப்பும். 1949இல் ஜான் டீர் நிறுவனம் வெளியிட்ட தன் முதல் டீசல் டிராக்டரிலும் இதே ஏற்பாடுதான்.

பிரிட்டனில் மண்ணெண்ணெய் இன்னும் சில காலம் தாக்குப்பிடித்தது. அங்கே டிராக்டருக்கென்றே தனி மண்ணெண்ணெய் வகை ஒன்று விற்பனையானது. பெட்ரோலுக்கு இருந்த வரிச்சுமை அதற்கு இல்லை. 1946இல் வந்த புகழ்பெற்ற ஃபெர்குசன் டிராக்டர் பெட்ரோலில் தொடங்கி, பிறகு இந்த எண்ணெய்க்கு மாறி, 1951இல் டீசலுக்கு வந்தது. ஒரே டிராக்டர், ஐந்தே ஆண்டுகளில் மூன்று எரிபொருள்.

டீசலுக்கு இன்னொரு சாதகமும் இருந்தது. அது பெட்ரோலைவிட அடர்த்தி மிகுந்தது. ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல் ஆற்றல், ஒரு லிட்டர் டீசலில் சுமார் 36. எரிபொருளை விற்பது லிட்டர் கணக்கில், கிலோ கணக்கில் அன்று. எனவே வாங்குபவருக்கு அளவையிலேயே ஆதாயம். 1970களில் அமெரிக்காவில் வெளிவந்த பெரிய டிராக்டர்கள் ஏறக்குறைய அனைத்துமே டீசலில் ஓடின.

வரி வந்தது, வண்ணமும் வந்தது

இனிமேல் கதை வயலைவிட்டுச் சாலைக்குப் போகிறது. 1919இல் ஆரிகன் மாநிலம் பெட்ரோலுக்கு ஒரு கேலனுக்கு ஒரு சென்ட் வரி விதித்தது. சாலை போடுவதற்கான பணம் சாலையில் ஓடுபவரிடமிருந்தே வர வேண்டும் என்பது அதன் நியாயம். மற்ற மாநிலங்களும் பின்பற்றின. 1932இல் ஒன்றிய அரசும் பெட்ரோலுக்கு வரி போட்டது. 1951இல் சாலை டீசலுக்கும் போட்டது.

அந்த நியாயத்திலேயே ஒரு விலக்கும் அடங்கியிருந்தது. வயலில் உழும் டிராக்டர் சாலையைத் தேய்ப்பதில்லை. அது ஏன் சாலை வரி கட்ட வேண்டும்? கேள்வி சரிதான். ஆனால் ஒரே பொருளுக்கு இரண்டு விலை என்று ஆகிவிட்டால் என்ன நடக்கும் என்பதை நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ரேஷன் மண்ணெண்ணெய்க்கு ஏன் நீலச் சாயம் போட்டார்கள், அப்படியும் அது ஏன் லாரி டீசலில் போய்க் கலந்தது என்பதெல்லாம் நம் ஊர் அறிந்த கதை.

அமெரிக்காவில் இந்தக் கள்ளத்தனத்துக்கு வசதி இன்னும் கூடுதல். குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கக் கொதிகலனில் எரிக்கும் எண்ணெய்க்குச் சாலை வரி கிடையாது. அதுவும் டீசலும் வேதியியலில் ஏறத்தாழ ஒன்றே. வீட்டு எண்ணெய் என்று வாங்கி லாரிக்கு டீசலாக விற்றால், இடையிலுள்ள வரித்தொகை விற்பவர் பைக்குப் போகும். 1980களில் நியூயார்க் வட்டாரத்தில் இது பெருந்தொழிலாகவே நடந்தது. காகிதத்தில் மட்டும் உள்ள கம்பெனிகள் வரிசையாக எண்ணெயைக் கைமாற்றும். வரி கட்ட வேண்டிய கம்பெனி, அதிகாரிகள் வந்து பார்க்கும்போது மாயமாகியிருக்கும். குற்றக் கும்பல்களும் இதில் இறங்கின.

1993இல் அமெரிக்கக் காங்கிரஸ் இதற்கு ஒரு முடிவு கட்டியது. எண்ணெய் பெருங்கிடங்கைவிட்டு வெளியேறும்போதே வரியைப் பிடித்துவிடுவது. வரி கட்டாத எண்ணெய் என்றால் அங்கேயே சாயம் கலப்பது. 1994 தொடக்கத்தில் இது நடைமுறைக்கு வந்தது. டீசல் மீதான ஒன்றிய அரசின் வரி அப்போது கேலனுக்கு 24.4 சென்ட், முப்பது ஆண்டுகள் கழிந்தும் அது கூடவில்லை. பிரிட்டனில் 1960களின் தொடக்கத்திலிருந்தே பண்ணை டீசலுக்குச் சிவப்புச் சாயம் இருந்துவந்ததால் இது புதுக் கண்டுபிடிப்பு அன்று.

இங்கே ஒரு வேடிக்கை. அதே 1993 அக்டோபரில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் ஒரு சாயத்தோடு வந்து நின்றது. சாலை டீசலில் கந்தகம் பத்து லட்சம் பங்குக்கு 500 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்பது அதன் புதிய விதி. கந்தகம் மிகுந்த டீசலை அடையாளம் காண அது தேர்ந்த நிறம் நீலம். வரித்துறை ஒரு நிறம், சுற்றுச்சூழல் துறை ஒரு நிறம்! போதாக்குறைக்குச் சிறு விமானங்கள் பயன்படுத்தும் பெட்ரோலின் நிறமும் நீலம். இரண்டும் குழம்பி விமானத்தில் டீசலை ஊற்றிவிட்டால்? அடுத்த ஆண்டே நீலம் கைவிடப்பட்டு, இரண்டுக்கும் சிவப்பே நிலைத்தது.

இதில்தான் என் மாணவரின் கேள்விக்கான முடிச்சு இருக்கிறது. 1990களில் சிவப்பு என்றால் வரி கட்டாதது என்று பொருள். பெரும்பாலும் கந்தகம் மிகுந்தது என்றும் பொருள். ஒரே நிறம் இரண்டு செய்திகளைச் சுமந்தது.

பதினொரு மில்லிகிராம்

சட்டம் கேட்கும் சாயத்தின் அளவு மிகச் சிறியது. கணக்கிட்டால் லிட்டருக்கு ஏறத்தாழ 11 மில்லிகிராம் வருகிறது. நூறு லிட்டர் தொட்டியில் ஒரு கிராமுக்குச் சற்று மேல். எரியும்போது இதனால் ஆற்றலில் எந்த மாற்றமும் தெரிய வழியில்லை.

ஆனால் கண்ணுக்கு இது போதும். அசோ வகையைச் சேர்ந்த இந்தச் சாயங்கள் நீல–பச்சை ஒளியை வலுவாக உட்கவர்வதால் நமக்குச் சிவப்பாகத் தெரிகின்றன. எண்ணெயில் கரையும், நீரில் கரையா. ஆகவே கழுவிப் போக்க முடியாது. சரி, ஒரு பங்கு சிவப்பு டீசலில் ஒன்பது பங்கு நல்ல டீசலைக் கலந்து நிறத்தை மறைத்துவிடலாமே என்கிறீர்களா? பியர்–லாம்பர்ட் விதியை நினைத்துப் பாருங்கள். உட்கவர்தல், அடர்வையும் ஒளி கடக்கும் நீளத்தையும் பெருக்கிய அளவைப் பொறுத்தது. அடர்வு பத்தில் ஒன்றாகக் குறைந்தால், பத்து மடங்கு ஆழமான கண்ணாடிக் குழாயில் ஊற்றிப் பார்த்தால் போதும், அதே சிவப்பு திரும்பிவிடும். சாலையோரத்தில் லாரியின் தொட்டியிலிருந்து மாதிரி எடுக்கும் ஆய்வாளருக்கு ஒரு நீண்ட குழாயே சோதனைச்சாலை. பிடிபட்டால் கேலனுக்கு 10 டாலர் அல்லது 1,000 டாலர், இவற்றில் எது அதிகமோ அது தண்டம்.

சாயத்தை நீக்கவே முடியாது என்று சொல்லமாட்டேன். அயர்லாந்தில், வடக்குக்கும் தெற்குக்கும் இடையிலுள்ள எல்லைப் பகுதியில், அமிலத்தாலும் வெளுப்பு மண்ணாலும் சாயத்தை அகற்றி, பண்ணை டீசலைச் சாலை டீசலாக விற்கும் கள்ளத்தொழில் பல ஆண்டுகள் நடந்தது. மிஞ்சிய நச்சுக் கழிவை இரவோடு இரவாகச் சாலையோரங்களில் போட்டுவிட்டுப் போனார்கள். உள்ளூராட்சிகள் மக்கள் வரிப்பணத்தில் அள்ளின. வாங்கி ஊற்றிய அப்பாவிகளின் பீச்சுப் பம்புகள் எஞ்சிய அமிலத்தால் பாழாயின. 2015இல் பிரிட்டனும் அயர்லாந்தும் எளிதில் பிரித்தெடுக்க முடியாத, கண்ணுக்குத் தெரியாத புதிய அடையாளப் பொருள் ஒன்றைச் சேர்க்கத் தொடங்கின.

கந்தகம் போன கதை

இனி, வயதானவர்கள் சொல்வதற்கு வருவோம். 1993க்குப் பிறகு பல ஆண்டுகள் பண்ணை டீசலில் கந்தகம் பத்து லட்சத்துக்கு 5,000 பங்கு வரை அனுமதிக்கப்பட்டிருந்தது. நூறு லிட்டர் டீசலின் நிறை சுமார் 84 கிலோ. அதில் கந்தகம் மட்டும் 420 கிராம் வரை இருந்திருக்கலாம். அதே நூறு லிட்டர் சாலை டீசலில் 42 கிராமுக்கு மேல் இராது. கந்தகம் எரிந்து ஆக்சைடாகி, எரிதலில் உண்டாகும் நீரோடு சேர்ந்து கந்தக அமிலமாகிறது. அது உருளைச் சுவரை அரிக்கும். மசகெண்ணெயில் சேர்த்திருக்கும் காரப்பொருள்களைத் தீர்த்துவிடும். எனவே எண்ணெயை விரைவில் மாற்ற வேண்டியிருந்தது. "சிவப்பு மட்டம்" என்ற பேச்சு வெறும் வதந்தி அன்று.

2004இல் வந்த புதிய விதி இந்த நிலையை மாற்றியது. பண்ணை டீசலில் கந்தகத்தின் எல்லை 2007 ஜூனில் 500 பங்காகவும் 2010 ஜூனில் 15 பங்காகவும் குறைக்கப்பட்டது. நூறு லிட்டரில் இப்போது ஒன்றேகால் கிராம்! காரணம், 2011 முதல் படிப்படியாக வந்த புதிய டிராக்டர்களின் புகைபோக்கியில் வினையூக்கிகளும் கரித்துகள் வடிகட்டிகளும் இடம்பெற்றன. கந்தகம் வினையூக்கியின் பரப்பை மூடிச் செயலிழக்கச் செய்துவிடும். சாலை டீசலுக்கு இந்த 15 பங்கு எல்லை 2006இலேயே வந்துவிட்டது. ஆக, இன்று ஒரே ஆலையில் ஒரே குழாய்வழி வரும் டீசலில்தான், கிடங்கின் வாயிலில் ஒரு லாரிக்குச் சாயம் கலக்கிறார்கள், அடுத்த லாரிக்குக் கலப்பதில்லை. நிறம் சுமந்த இரண்டு செய்திகளில் ஒன்று உதிர்ந்துவிட்டது. வரி மட்டும் எஞ்சியது. இளைஞர்கள் சொல்வதும் சரி.

கந்தகம் போனதில் நட்டமே இல்லையா என்றால், இருந்தது. ஹைட்ரஜனைக் கொண்டு கந்தகத்தை நீக்கும்போது, உலோகப் பரப்பில் ஒட்டிக்கொண்டு உராய்வைத் தடுத்துவந்த சில மூலக்கூறுகளும் சேர்ந்தே போய்விடுகின்றன. பீச்சுப் பம்புக்கு வேறு மசகு கிடையாது. அது தள்ளும் டீசலே அதற்கு மசகு. ஆகவே பம்புகள் தேய்ந்தன. 1993இல் முதன்முதலாகக் கந்தகத்தைக் குறைத்தபோதே பல பழைய பம்புகளில் ரப்பர் வளையங்கள் சுருங்கி எண்ணெய் கசிந்தது. பழைய டீசலின் நறுமணச் சேர்மங்களை உறிஞ்சி உப்பியிருந்த வளையங்கள், அவை குறைந்த புது டீசலில் இளைத்துவிட்டன. 2005 முதல் அமெரிக்க டீசல் தரத்தில் மசகுத் தன்மைக்கும் சோதனை கட்டாயமாயிற்று. 60 பாகையில் டீசலில் மூழ்கிய எஃகுக் குண்டைத் தகட்டின்மேல் தேய்க்கிறார்கள். குண்டில் விழும் வடு 520 மைக்ரானைத் தாண்டக்கூடாது. இதற்காக ஆலையிலோ கிடங்கிலோ ஒரு சேர்மத்தைக் கலக்கிறார்கள். சிவப்புக்கும் மஞ்சளுக்கும் இது பொது.

அப்படியானால் என் மாணவரின் பண்ணைக்கார நண்பர், டீசல் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்? நிறத்தைப் பற்றிய கவலையை விட்டுவிட்டுக் குளிரைப் பற்றிக் கவலைப்பட வேண்டும். சாதாரண இரண்டாம் எண் டீசலில் மெழுகு இருக்கிறது. அந்த ஊர் மார்கழியில் வெப்பநிலை உறைநிலைக்குப் பல பாகை கீழே இறங்கும்போது மெழுகு படிகமாகி, முதலில் டீசல் மேகம்போலக் கலங்கும், பிறகு வடிகட்டியை அடைக்கும். முதலாம் எண் டீசல் கிட்டத்தட்ட மண்ணெண்ணெய்தான். அதைக் கலந்த குளிர்கால டீசல் கலங்காது, ஆனால் லிட்டருக்கு ஆற்றல் சற்றுக் குறைவு. அறுவடைக் காலத்தில் நிரப்பிய தொட்டியை மறந்துவிட்டு ஜனவரியில் டிராக்டரைக் கிளப்பப் போகிறவர்தான் ஏமாறுகிறார். அடுத்தது சீட்டேன் எண்: பீச்சப்பட்ட டீசல் எவ்வளவு விரைவில் தீப்பற்றுகிறது என்பதன் அளவு. மண்ணெண்ணெய் டிராக்டரில் குற்றமாயிருந்த அதே குணம், டீசலில் தகுதியாகிவிட்டது! அமெரிக்காவில் குறைந்த அளவு 40, ஐரோப்பாவில் 51. குளிரில் கிளப்ப, எண் கூடுதலாக இருந்தால் நல்லது.

எல்லாவற்றிலும் பெரிய எதிரி, வாங்கிய பிறகு தொட்டியில் சேரும் நீர். பண்ணை டீசலைப் பெரும்பாலும் கூட்டுறவுச் சங்கத்தின் லாரி கொண்டுவந்து, கொட்டிலின் பின்னாலுள்ள பெருந்தொட்டியில் நிரப்பிவிட்டுப் போகும். பகலில் தொட்டி சூடேறிக் காற்றை வெளிவிடும். இரவில் குளிர்ந்து ஈரக்காற்றை உள்ளிழுக்கும். அந்த ஈரம் துளிகளாகி அடியில் தங்கும். நீரும் டீசலும் சந்திக்கும் பரப்பில் பூஞ்சையும் பாக்டீரியாவும் வளர்ந்து, கூழ்போன்ற கசடாகி வடிகட்டியை அடைக்கும். பாதித் தொட்டியைவிட முழுத் தொட்டியில் காற்றுக்கு இடம் குறைவு. ஆகவே நீரும் குறைவு.

மாணவருக்கு இவ்வளவையும் எழுதிவிட்டு, இறுதியில் ஒரு குறிப்பும் சேர்த்தேன். அந்தப் பண்ணையில் டிராக்டரோடு ஒரு டீசல் சிறு லாரியும் இருப்பதாக அவர் சொல்லியிருந்தார். வயலுக்கு வயல் போகையில் டிராக்டர் சாலையில் ஏறினாலும் குற்றமில்லை. சட்டத்தின் கண்ணில் அது சாலை வண்டியே அன்று. சிறு லாரி அப்படியன்று. அதன் தொட்டியில் ஒரு முறை சிவப்பை ஊற்றினால், பிறகு எத்தனை முறை மஞ்சளை நிரப்பினாலும் நீண்ட குழாயில் சில காலம் இளஞ்சிவப்பு தெரிந்துகொண்டேயிருக்கும். "டிராக்டருக்கு ஊற்றும் கேனையும் லாரிக்கு ஊற்றும் கேனையும் வேறு வேறாக வைத்துக்கொள்ளச் சொல்" என்று எழுதினேன். கேன்கள் ஏற்கெனவே வேறுதானாம். சிவப்பு டீசலுக்குரியது மஞ்சள் கேன் என்று பதில் வந்திருக்கிறது.